தொழுவத்துக்கு அடுத்த ஆள் யார்?

உரிமையாளர் காலத்துக்குப் பிறகு ஆடு, மாடு, நாய்களுக்குச் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகள்

நிலத்துக்குப் பட்டா இருக்கிறது. அடகு வைத்த நகைக்கு ரசீது இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு நாமினி பெயர் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால், காலையும் மாலையும் பால் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் கறவை மாட்டுக்கும், நான்கு ஆட்டுக்கும், தோட்டத்தைக் காக்கும் நாய்க்கும் பெரும்பாலான வீடுகளில் எந்த ஏற்பாடும் கிடையாது. ‘அது கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகள் இன்று கிராமங்களில் நிறைய. பிள்ளைகள் திருப்பூரிலோ, கோவையிலோ, சென்னையிலோ வேலையில் இருக்கிறார்கள். திடீரென ஒரு நாள் வீட்டுப் பெரியவர் தவறிவிடுகிறார். துக்க வீட்டில் வருகிறவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. மாடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வியாபாரி வந்து விசாரிக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்புவதற்குள் கட்டுத்தறி காலியாகிவிடுகிறது. விற்கிறவரின் அவசரத்தைப் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார். ஆறு மாதச் சினையில் நிற்கும் நல்ல மாடுகூட அடிமாட்டு விலைக்குப் போவது இப்படித்தான்.

இதில் மாட்டுக்கு மட்டும் நட்டமில்லை. கணவரை இழந்த பெண்ணுக்கு மிச்சமிருக்கும் ஒரே வாராந்திர வருமானம் அந்தப் பால் பணமாக இருக்கலாம். துக்கம் தெளிந்து அவர் யோசிக்கத் தொடங்கும்போது தொழுவத்தில் ஒன்றும் இருக்காது. இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஓர் ஆள், ஒரு நோட்டு, கொஞ்சம் பணத்துக்கு வழி, ஒரு தாளில் எழுத்து ஆகிய நான்கும் போதும். இவற்றில் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது ஆளை.

முதல் பத்து நாள்தான் ஆபத்து

கறவை மாடு ஆள் அடையாளம் அறியும். வழக்கமாகக் கறக்கும் கை பட்டதும் பால் சுரப்பைத் தூண்டும் ஆக்சிடோசின் அதன் உடம்பில் சுரக்கிறது. புது ஆள், புது அதட்டல், பந்தல், கூட்டம், பறை, வெடிச் சத்தம் எல்லாம் சேரும்போது மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு வழி பிறக்கும். ‘பால் விடவில்லை’ என்று ஆக்சிடோசின் ஊசியைத் தேடிப் போகக் கூடாது. கன்றை ஊட்டவிட்டு, பழகிய தீவனத்தை முன்னால் வைத்து, பழகியவர் யாராவது பக்கத்தில் நின்று, பொறுமையாகக் கறப்பதுதான் வழி.

துக்க வீட்டிலும் விசேஷ வீட்டிலும் நடக்கும் இன்னொரு தவறு, மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டுவது. ‘வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே’ என்ற இரக்கத்தில் யாரோ ஒருவர் அண்டா சோற்றைக் கவிழ்த்துவிடுவார். வைக்கோலும் புல்லும் செரித்துப் பழகிய வயிற்றில் மாவுச்சத்து ஒரே நேரத்தில் அதிகம் சேர்ந்தால் அமிலத்தன்மை ஏறிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். கவனிக்காவிட்டால் செத்தும் போகும். கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய நிலை இது. கட்டணமில்லாத 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம்.

தீவனம் எதுவானாலும் திடீரென மாற்றக் கூடாது. பழைய தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் மாற்றுவதே முறை. மாட்டை வேறு வீட்டுக்கு ஓட்டிப் போனாலும் பழைய வீட்டின் தவிட்டையும் பிண்ணாக்கையும் பத்து நாளுக்குக் கூடவே அனுப்ப வேண்டும்.

நாயின் பாடு வேறு. எசமானரைக் காணாமல் ஓரிரு நாள் சாப்பிடாமல் கிடக்கும். வாசலையும் பாதையையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை உடனே வேறு ஊருக்குத் தூக்கிப் போனால் அறுத்துக்கொண்டு ஓடும், வழியில் வண்டியில் அடிபடும். முடிந்த மட்டும் பழைய இடத்திலேயே, பழைய நேரத்துக்கு, பழைய தட்டில் சோறு வைக்க வேண்டும். பெரியவரின் பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போட்டு வைத்தால் கொஞ்சம் அடங்கும். மூன்று நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உயிருடன் இருக்கும்போதே இரண்டாவது கை

சாவு மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கால் எலும்பு முறிந்து ஒரு மாதம் படுத்தாலும் இதே சிக்கல்தான். எனவே ஒவ்வொரு கால்நடைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் இன்றைக்கே வேண்டும். அவர் மகனாகவோ மகளாகவோதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர், கொழுந்தியாள், அண்ணன் மகன், வழக்கமாக வேலைக்கு வரும் அம்மா என யாராக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு ‘ஆம்’ என்ற பதில் வர வேண்டும். கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் வர முடியுமா? மாடோ நாயோ அவரைப் பக்கத்தில் விடுமா? முழு மனதோடு அவர் ஒப்புக்கொண்டாரா?

மூன்றாவது கேள்வி முக்கியம். ‘அவன் பார்த்துக்குவான்’ என்று இவர்களே நினைத்துக்கொள்வது ஏற்பாடு ஆகாது. நேரில் கேட்க வேண்டும். அவர் தயங்கினால் வருத்தப்படத் தேவையில்லை. இப்போதே தெரிந்தது நல்லது என்று வேறு ஆளைக் கேட்கலாம்.

ஒப்புக்கொண்டவரின் கையில் வாரம் ஒரு வேளையாவது கறவையையும் தீவனத்தையும் விட வேண்டும். முதல் சில நாள் பால் குறையத்தான் செய்யும். பிறகு மாடு இரண்டு கைக்கும் பழகிவிடும். ஒருவரைத் தவிர வேறு யாரையும் அண்டவிடாத காளைக்கும், ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்க்கும் இது இன்னும் அவசியம். யாருமே அவிழ்க்க முடியாத காளையை, பசியோடும் தாகத்தோடும் நிற்கும் நாளில் அவிழ்க்கப் போவது உயிருக்கே ஆபத்து.

மாட்டு நோட்டு

பெரும்பாலான விவசாயிகளுக்கு மாட்டின் கணக்கெல்லாம் மனதில்தான் இருக்கிறது. மனதில் இருப்பது ஆளோடு போய்விடும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொழுவத்திலோ அடுப்படியிலோ ஆணியில் தொங்கவிட வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். எழுத வேண்டியவை:

• மாட்டின் பெயர், நிறம், கொம்பு, சுழி அடையாளம், காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்.

• எத்தனையாவது ஈற்று, கடைசியாகக் கன்று ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனை செய்த தேதி.

• காலையில் என்ன, மாலையில் என்ன, எவ்வளவு. ‘மூன்று கிலோ’ என்று எழுதுவதோடு ‘நீல வாளியில் முக்கால்’ என்றும் எழுதினால் புதியவருக்குக் குழப்பம் வராது.

• கோமாரித் தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தேதி.

• குணம்: இடது பக்கம்தான் உட்கார்ந்து கறக்க வேண்டும், குடையைக் கண்டால் மிரளும், குழந்தைகளை முட்டும் என்பன.

• கால்நடை மருத்துவர், பால் கூட்டுறவுச் சங்கம், இரண்டாவது ஆள் ஆகியோரின் கைப்பேசி எண்கள்.

• காப்பீட்டுப் பத்திரம், கடன் அட்டை, பால் அட்டை இருக்கும் இடம்.

சினை ஊசி போட்ட தேதி ஒன்று மட்டும் தெரியாமல் போனாலும் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஈனுவதற்கு 60 நாள் முன்பே பால் கறப்பதை நிறுத்தி வற்றவிட வேண்டும். தேதி தெரியாத புதிய ஆள் கடைசி வரை கறந்துகொண்டிருப்பார். கன்று நோஞ்சானாகப் பிறக்கும். அடுத்த ஈற்றில் பாலும் குறையும். தேதி எழுதியிருந்தால் மாட்டை விற்க நேர்ந்தாலும் ‘இத்தனை மாதச் சினை’ என்று சொல்லி நியாயமான விலை கேட்கலாம்.

அட்டை யார் பெயரில்?

பல வீடுகளில் சாணி அள்ளுவது, புல் அறுப்பது, கறப்பது எல்லாம் மனைவி. பால் சங்க அட்டை, வங்கிக் கணக்கு, மாட்டுக் கடன், காப்பீடு எல்லாம் கணவர் பெயரில். கணவர் இறந்தால் அவர் கணக்கில் விழும் பால் பணத்தை மனைவியால் உடனே எடுக்க முடியாது. தவிடு வாங்கப் பணமில்லாமல் மாட்டை விற்கும் நிலை இங்கேதான் தொடங்குகிறது.

வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ இயக்கலாம் என்ற முறையில் மாற்றி வைத்தால் இந்தத் தடை வராது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் உறுப்பினரானவர்கள் அம்மா பெயரையே நாமினியாக விட்டிருப்பதும் உண்டு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர்; அது முழுக்க அவருடைய சொத்தாகிவிட்டது என்று பொருளில்லை. வாரிசுகளுக்கு அதில் பங்கு கேட்கும் உரிமை தொடரும்.

கடனில் வாங்கிய மாடு, கடன் தீரும் வரை வங்கிக்கு ஈடாக இருக்கிறது. துக்கத்தோடு துக்கமாக அதை விற்றுவிட்டால் பிறகு சிக்கல். வங்கிக்குத் தெரிவித்து, அனுமதி பெற்றே விற்க வேண்டும். இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. வாரிசு தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு வேறு.

மாட்டின் பராமரிப்புக்கு என்று மூன்று மாதத் தீவனச் செலவைத் தனியாக வைப்பது நல்லது. கணக்குப் போடுவது எளிது. ஒரு மாதத்துக்கு வாங்கும் தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல் செலவைக் கூட்டி மூன்றால் பெருக்கினால் போதும். மாதம் கொஞ்சமாக அஞ்சலகத்திலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ சேர்த்தால் ஓராண்டில் சேர்ந்துவிடும். கையில் இந்தப் பணம் இருந்தால் முதலில் வரும் வியாபாரிக்கே கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் இருக்காது.

உயிலில் எழுதலாமா?

எழுதலாம். சட்டத்தின் பார்வையில் ஆடு, மாடு, நாய் எல்லாம் உரிமையாளரின் சொத்து. நகையையும் பாத்திரத்தையும் போல, அவை யாருக்குச் சேர வேண்டும் என்று உயிலில் எழுத முடியும். ஆனால், விலங்கின் பெயரில் பணமோ நிலமோ எழுதி வைக்க முடியாது. சொத்தை வைத்திருக்கும் உரிமை அதற்கு இல்லை. எனவே, ‘இந்த மாட்டையும், அதன் பராமரிப்புக்காக இவ்வளவு ரூபாயையும் இன்னாருக்குக் கொடுக்கிறேன், அவரால் முடியாவிட்டால் இன்னாருக்கு’ என்று மனிதர் பெயரில்தான் எழுத வேண்டும். இரண்டாவது பெயர் கட்டாயம் வேண்டும்.

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் தாய் ஆகியோருக்கு அவருடைய சொத்தில் சம பங்கு உண்டு. மாடும் அந்தச் சொத்தில் அடக்கம். நான்கு பேருக்கு ஒரு பசு என்றால் பசுவைப் பங்கு போட முடியாது. விற்றுப் பணத்தைத்தான் பங்கு போட முடியும். மனைவிக்கே மாடு சேர வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பேச்சே எழாது. இஸ்லாமியக் குடும்பங்களில் உயில் மூலம் கொடுப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்டு. அவர்கள் அதற்கு ஏற்பத் திட்டமிட வேண்டும்.

2024 அக்டோபரில் மறைந்த தொழிலதிபர் ரத்தன் டாடா, தான் வளர்த்த நாயின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகச் செய்திகள் வந்தன. பெரும் பணக்காரர் செய்வதுதானே என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டு ஆடு வைத்திருப்பவருக்கும் உயில் எழுதும் முறை ஒன்றுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயில் பெட்டியில் இருக்கும். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது எடுத்துப் படிப்பார்கள். மாட்டுக்கு அன்று மாலையே தண்ணீர் வேண்டும். அதனால்தான் இரண்டாவது ஆளும் நோட்டும் உயிலுக்கு முன்னால் வருகின்றன.

எடுத்துக்கொள்ள யாருமே இல்லையென்றால்

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நம் ஊர்ப் பழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஆட்டையோ கிடேரியையோ வாரத்துக்கு விடுவது. வளர்ப்பவர் பராமரிப்பார், பிறக்கும் குட்டிகளைப் பேசிய கணக்குப்படி பிரித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு விடும்போதே, ‘என் காலத்துக்குப் பிறகு தாய் ஆடும் உங்களுக்கே’ என்று இரண்டு பேர் முன்னிலையில் சொல்லி, உயிலிலும் ஒரு வரி எழுதிவிட்டால் ஏற்பாடு முடிந்தது. வளர்ப்பவருக்கும் அக்கறை கூடும்.

உடம்பு தளர்வது தெரிந்தால் எண்ணிக்கையைக் குறைப்பதும் திட்டம்தான். மூன்று மாடுகளில் இரண்டை, நல்ல விலை கிடைக்கும் நேரத்தில், தெரிந்த விவசாயிக்குத் தானே விற்பது, பிறர் அவசரத்தில் விற்பதைவிட மாட்டுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

கோசாலையில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இடம் இருக்கிறதா, தீவனம், தண்ணீர், மருத்துவ வசதி எப்படி, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா, பராமரிப்புக்குப் பணம் கேட்பார்களா என்று விசாரித்து வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓட்டிப் போனால் இடமில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடும்.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டுமா? பதிவு செய்தே ஆக வேண்டுமா?

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதலாம். எழுதியவர் கையெழுத்து அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பின்னால் தகராறு வரும் என்று தோன்றினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது பாதுகாப்பு. மாட்டைப் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. நிலமும் சேர்ந்து வருமானால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

காப்பீடு இறந்த அப்பா பெயரில் இருக்கிறது. மாடு இறந்தால் பணம் கிடைக்குமா?

காத்திருக்காமல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி உரிமையாளர் பெயரை மாற்ற வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் சான்று பெறுவது எளிது. வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். காது வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்துப் புதிது போட வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்பது கடினம்.

பால் மறந்த கிழப்பசுவை அடிமாட்டுக்கு விற்கக் கூடாது என்று உயிலில் நிபந்தனை போடலாமா?

விருப்பத்தை எழுதலாம். ஆனால் கொடுத்த பிறகு அதைக் கண்காணிக்க யாரும் இல்லாவிட்டால் எழுத்தால் பயன் குறைவு. அந்தப் பசுவின் மீது பாசம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, செலவுக்குப் பணமும் சேர்த்து வைப்பதுதான் பலன் தரும். பால் தராத மாட்டுக்கும் தினமும் தீவனம் வேண்டும். வெறும் கையோடு ஒப்படைத்தால் நல்ல மனம் உள்ளவரும் திணறுவார்.

வளர்த்தவர் இறந்ததும் நாயைத் தூரமாகக் கொண்டுபோய் விடுகிறார்களே, அது சரியா?

தவறு. போதிய காரணமின்றி ஒரு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வளர்க்க முடியாதவர்கள், தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து, தோட்டக் காவலுக்கு நாய் தேடுபவரிடம் நேரில் ஒப்படைக்கலாம். பழகும் வரை ஒரு வாரமாவது அங்கே கட்டி வைத்து, வேளாவேளைக்குச் சோறு வைத்துப் பிறகு அவிழ்த்துவிட வேண்டும்.

பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் கோபப்படுகிறார்களே?

சாவைப் பற்றிப் பேச வேண்டாம். ‘நீங்கள் நாலு நாள் ஊருக்குப் போனால் மாட்டை யார் கறப்பது?’ என்று கேட்கலாம். நாலு நாளுக்குச் செய்யும் ஏற்பாடுதான் நாற்பது நாளுக்கும் உதவும். நோட்டை அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். மாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் சலிக்காமல் சொல்வார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

இந்த வாரம் நோட்டு வாங்கிச் சினை ஊசி தேதியையும் காது வில்லை எண்ணையும் எழுதலாம். அடுத்த வாரம் இரண்டாவது ஆளிடம் நேரில் பேசி, ஒரு மாலைக் கறவையை அவர் கையில் விடலாம். அடுத்த பால் பணப் பட்டுவாடா நாளில் சங்கத்திலும் வங்கியிலும் நாமினி பெயரைச் சரிபார்த்துவிடலாம். உயிலை அதன் பிறகு, பிள்ளைகள் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது அவர்களுக்கும் தெரியும்படி எழுதி வைக்கலாம். நோட்டு எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.